கோகிலவாணி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமைகள்

கோகிலவாணி டீச்சர் ஒரு நாளில் எத்தனை முறை கண் விழிப்பார் என்பது, அன்றைக்கு நிறைமதி எத்தனை முறை தன் நிரலைத் திருத்திச் சேமிக்கிறாள் என்பதைப் பொறுத்திருந்தது. ஆரம்பத்தில் இது நிறைமதிக்குத் தெரியாது. தெரிந்தபோதும் அதை ஒரு பிழையாகத்தான் எடுத்துக்கொண்டாள். பிழை என்றால் திருத்திவிடலாம்.

டீச்சர் முப்பது வருடங்களுக்கு மேல் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்தார். பழைய நினைவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. தனிம அட்டவணையை எந்த மூலையிலிருந்து கேட்டாலும் சொல்வார். முதல் வருடம் படித்த பிள்ளைகளின் இனிஷியல் வரைக்கும் சொல்வார். ஆனால் புதிதாக எதுவும் தங்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "சாப்பிடலாமா?" என்று கேட்பார்.

கோயமுத்தூரில் 'இழை' என்ற ஒரு சிறு நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தது. மண்டையோட்டுக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் ஒரு வலை, காதுக்குப் பின்னால் பொத்தான் அளவில் ஒரு கருவி. மனிதர் பார்ப்பதும் கேட்பதும் மூளையில் எழுப்பும் அலைகளை அது நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே ஓடும் நிரல் அவற்றை நினைவாகக் கோத்து மூளைக்கே திருப்பித் தரும். மூளையின் பழுதான ஒரு பகுதி, ஊருக்கு வெளியே ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்து வேலை செய்வது போல. அந்த வலையை முதலில் ஏற்றுக்கொண்டவர் டீச்சர். அந்த நிரலை எழுதியவள் நிறைமதி.

வலை பொருத்திய சில வாரங்களில் டீச்சரின் கணவர் சென்னியப்பன் நிறுவனத்துக்குப் போன் செய்தார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கனத்த உடம்பு, கனத்த மீசை, பேச்சு மட்டும் குறைவு. நிறைமதி பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கே போனாள்.

"நல்லாத்தான் பேசிக்கிட்டு இருக்கறா அம்மிணி. காலையில என்ன டிபன்னு கேட்டாச் சொல்றா. திடீர்னு ஒரு நொடி கண்ணு நிலைகுத்துது. அப்பறம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கறா. 'ஆபரேஷன் முடிஞ்சுதா, தையல் எப்பப் பிரிப்பாங்க'ன்னு கேக்கறா. தையல் பிரிச்சு எத்தன நாளாச்சு?"

"எந்த நேரத்துல சார் இப்படி ஆகுது?"

"பகல்ல. பத்து மணிக்கு மேல. ராத்திரில இல்ல. ஞாயித்துக்கிழமை சுத்தமா இல்ல."

பகலில், வேலை நாளில். நிறைமதிக்குச் சட்டென்று புரிந்தது. 

"சார், அது நான்தானுங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ப்ரோக்ராம்ல ஒரு வரிய மாத்தினா, அது வேலைக்கு வரணும்னா ஓடிக்கிட்டு இருக்கறத நிறுத்தி மறுபடி ஓட விடணும். ஒவ்வொரு தடவையும் கையால நிறுத்திக்கிட்டு இருந்தா வேலையே ஓடாதுங்க. அதனால, கோப்பு மாறுதான்னு பாத்துக்கிட்டே இருக்க ஒரு சின்ன ப்ரோக்ராம் வெச்சிருக்கோம். நான் சேவ் பண்ணின உடனே அதுவா நிறுத்தி, அதுவா கிளப்பி விட்டுரும்."

"அப்ப அதுக்குள்ள இருந்தது?"

"அழிஞ்சு போயிருமுங்க. அத எழுதி வெக்கற பகுதிய இன்னும் செய்யல. டீச்சர் ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்ச காலையில எடுத்த ஒரு பதிவு மட்டும் இருக்குது. எப்ப ஆரம்பிச்சாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்."

சென்னியப்பன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க கைய அமுக்கறப்பெல்லாம் அவளுக்கு அதே காலை மறுபடி விடியுது," என்றார். அதில் கோபம் இல்லை. கணக்கு புரிந்தவர் சொல்வது போல இருந்தது.

திரும்பி வந்ததும் நிறைமதி நிறுவனத் தலைவர் டாக்டர் உதயசங்கரிடம் போனாள். "டீச்சர நாம வேலை செய்யற சர்வர்லயே போட்டிருக்கீங்களே சார். அது நான் உடைச்சு உடைச்சுப் பாக்கறதுக்கு இருக்கறதாச்சே."

"உயிருள்ள மூளையோட சிக்னல் இல்லாம இத எப்படிம்மா சரி பண்ணுவ? அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. மொதல்ல ஓட்டம் நிலைக்கட்டும். எழுதி வெக்கறதெல்லாம் அப்புறம்."

"அவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"என்ன கஷ்டம்? கஷ்டம்னு தெரியறதுக்கே ஞாபகம் வேணுமே," என்று சிரித்தார்.

நிறைமதி சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளும் வேலைக்கு வந்தாள், மறுநாளும் சேமித்தாள். ஓட்டம் நிலைக்கவில்லை என்பது உண்மைதான். நிரலை அப்படியே விட்டால் அலைகள் தடம் மாறி டீச்சருக்கு வலிப்பு வரும். திருத்தினால்தான் அவர் பிழைப்பார், திருத்தினால் அவருடைய நாள் அழியும். அவள் முடிந்தவரை திருத்தங்களைச் சேர்த்து வைத்து ஒரே முறையாகச் சேமிக்கப் பார்த்தாள். கை பழக்கம் விடவில்லை. ஒரு வரி எழுதினால் விரல் தானாகச் சேமிக்கும் பொத்தானுக்குப் போய்விடும்.

வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் டீச்சரைப் பரிசோதிப்பாள். ஒவ்வொரு முறையும் டீச்சர் அவளை முதல் முறையாகப் பார்ப்பார். "வா கண்ணு, உக்காரு. நான் கோகிலவாணி, கெமிஸ்ட்ரி டீச்சர். நீ என்ன படிச்ச?" ஒவ்வொரு முறையும் அதே கனிவு. "பொண்ணுக கம்ப்யூட்டர் படிச்சு நாலு காசு சம்பாரிக்கறதப் பாத்தா எனக்கு நெஞ்சு குளுந்து போகும்" என்பார். நிறைமதியின் தட்டில் இன்னொரு பணியாரம் விழும். கூடத்துச் சுவரில் ஓர் இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அங்கே மாட்டியிருந்த படத்தைக் கழற்றியிருக்கிறார்கள். நிறைமதி ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "ஒரே மகள். எம்.எஸ்ஸி. படிக்க வெச்சேன்," என்று டீச்சர் சொல்லி நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த சென்னியப்பன் எழுந்து வெளியே போனார்.

மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போன கதை நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே நடந்தது அது. படத்தைக் கழற்றியது யார் என்று நிறைமதி யாரிடமும் கேட்கவில்லை. அந்த மீசையைப் பார்த்ததும் அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

ஒரு விடுமுறை நாளில் சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் ஓர் அலறல். டீச்சரின் அண்ணன் பெங்களூரில் இறந்துவிட்டார், செய்தி வந்துவிட்டது. "தலைய செவுத்துல முட்டறா அம்மிணி. வாயெல்லாம் கோணுது. ஏதாச்சும் பண்ணுங்க."

வலிப்புக்கு முந்தைய அறிகுறி அது. மருந்து கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். நிறைமதி வீட்டில் கறி வதக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஏதோ ஒரு கோப்பில் ஒரு வெற்று வரியைச் சேர்த்துச் சேமித்தாள். சர்வர் நின்று, எழுந்தது. போனில் அலறல் அறுந்தது. பிறகு டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது: "ஏனுங்க, ஆபரேஷன் முடிஞ்சுதா? எதுக்குங்க என் கை இப்படி நடுங்குது?"

சென்னியப்பன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நல்லாயிருப்பீங்க அம்மிணி," என்று போனை வைத்தார்.

செய்தது சரியென்றுதான் நிறைமதிக்குத் தோன்றியது. கறியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். ஆனால் சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வர ஆரம்பித்தது. எல்லா ஞாயிறும் இல்லை, ஒன்றுவிட்டு ஒன்று. "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணி விடுங்க அம்மிணி." அந்தச் சொல்லை அவர் கற்றுக்கொண்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "ஒறம்பரை வந்துட்டுப் போனாங்க. அவளுக்கு ஒத்துக்கல," என்பார். எந்த விருந்தாளி என்று சொல்லமாட்டார். அலறல் எதுவும் கேட்காது. தூரத்தில் டீச்சரின் குரல் உயர்ந்து ஒலிக்கும், வார்த்தை புரியாது. டாக்டர் உதயசங்கர், "குடும்பம் கேட்டாச் செஞ்சு குடு, ஒத்துழைக்கற குடும்பம் கிடைக்கறதே கஷ்டம்," என்று சொல்லியிருந்தார். நிறைமதி செய்து கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். முகம் டீச்சரின் முகம், இளையதாக, மெலிந்து. வரவேற்பறையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"நான் நித்திலாங்க. கோகிலவாணி டீச்சரோட மகள். ஞாயித்துக்கிழமை எங்கப்பா போன் பண்ணறது உங்களுக்குத்தானுங்களா?"

"ஆமா."

"நான் வந்துட்டுப் போனா உடனே உங்களக் கூப்பிட்டு அழிக்கச் சொல்றாரு. நான் எத்தன தடவ போனாலும் அம்மாவுக்கு நான் வந்ததே தெரியறதில்ல." குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. அவள் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டாள். "இத நிறுத்துங்கக்கா. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கணும். என்னால முடியல."

நிறைமதிக்கு முகம் சூடேறியது. ஒறம்பரை. அவர் ஒறம்பரை என்று சொன்னது பெற்ற மகளை. "உங்கப்பாவுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"அவரு அப்படித்தானுங்க. விடமாட்டாரு." நித்திலா சிரிக்கப் பார்த்தாள். "எவ்வளவு சொன்னாலும் கேக்கமாட்டாரு."

"நான் பாத்துக்கறேன் நித்திலா. உங்கம்மா உங்கள மறக்கமாட்டாங்க. இது என் பொறுப்பு."

நித்திலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

நிறைமதி நேரே உதயசங்கரின் அறைக்குப் போனாள். அவர் மறுத்துப் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "எழுதி வெக்கற பகுதி முடியற வரைக்கும் நான் வேற எந்த வரியும் எழுதமாட்டேன்," என்றாள். "ஒரு மனுஷியோட வாழ்க்கைய அவ புருஷன் இஷ்டத்துக்கு நாம அழிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கோம் சார். அதுக்கு மருத்துவம்னு பேரு வேற."

அவர் யோசித்தார். அனுமதி கொடுக்கும் மருத்துவர் குழு வரவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தொடர்ந்து தங்கும் நினைவைக் காட்டினால் அவர்கள் மறுக்க வழியில்லை. "சரி, பண்ணு," என்றார்.

நிறைமதி முதலில், கோப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன நிரலை நிறுத்தினாள். டீச்சரை வேறு ஒரு தனி சர்வருக்கு மாற்றினாள். நினைவு உருவாக உருவாக அதை எழுதி வைக்கும் பகுதியை, சோறு தண்ணீர் மறந்து எழுதினாள். அதை முடித்த அன்று சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி எழுப்பிவிட்டு, டீச்சருக்கு வீடியோவில் அழைத்தாள். 

திரையில் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். "நிறைமதிதான? காலையில ஒரு தடவ பேசுனியே கண்ணு. சாப்பிட்டயா?"

அவர் தானாகவே நிறைமதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் இறந்த செய்தியை இந்த முறை மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்கள். டீச்சர் அழுதார். மறுநாளும் அழுதார். அதற்கடுத்த நாள், "அண்ணனுக்கு அதிரசம்னா உயிரு," என்று சொல்லிக்கொண்டே அழுதார். வாரக் கடைசியில் அழாமலே அதைச் சொன்னார். துக்கம் ஆறுவதற்கும் நினைவு வேண்டும் என்பது நிறைமதிக்கு அப்போதுதான் புரிந்தது. மறக்கடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் புண்ணும் ஆறாது. தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போயிற்று.

மருத்துவர் குழு வருவதற்கு முந்தைய ஞாயிறு, மத்தியானம், சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது.

"ஒரு தடவ பண்ணி விடுங்க அம்மிணி."

"முடியாதுங்க சார். இனிமே அது கிடையாது."

"ஒரே ஒரு தடவ."

"சார், உங்க மகள் என்னைய வந்து பாத்தாங்க. எனக்கு எல்லாம் தெரியும். டீச்சருக்குத் தன் வாழ்க்கைய ஞாபகம் வெச்சுக்க உரிமை இருக்கு. அத அழிக்க உங்களுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல."

எதிர்முனையில் குழந்தை அழும் சத்தம் ஒன்று தேய்ந்து தேய்ந்து தூரம் போனது.

"சரிங்க அம்மிணி," என்றார் அவர்.

குழு புதன்கிழமை காலை வந்தது. மூன்று மருத்துவர்கள், ஒரு வழக்கறிஞர். தலைவியாக வந்த பெண் மருத்துவர் வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், நிதானமாகப் பேசினார். டீச்சர் மாம்பழ நிறத்தில் காட்டன் புடவை கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சென்னியப்பன். நிறைமதி பின்சுவரில் சாய்ந்து நின்றாள்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இங்கே வந்த வழியில் என்ன பார்த்தீர்கள் என்று தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் டீச்சர் தயங்காமல் பதில் சொன்னார். தலைவி தாளை மூடிவைத்துவிட்டு, "உணர்ச்சி கலந்த நினைவு எப்படித் தங்குதுன்னு பாக்கணும்," என்று உதயசங்கரிடம் சொல்லிவிட்டு டீச்சரிடம் திரும்பினார். "இந்த வாரத்துல உங்க மனச ரொம்பத் தொட்டது எதும்மா? நிதானமாச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை நடந்தது," என்றார் டீச்சர்.

நிறைமதி சென்னியப்பனைப் பார்த்தாள். இப்போது தெரியட்டும் எல்லோருக்கும் என்று நினைத்தாள்.

"மத்தியானம். நான் கூடத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தனுங்க. ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கீரை பறக்குதுன்னு நிறுத்தச் சொன்னேன். இவரு எந்திரிச்சுப் போயி நிறுத்துனாரு. அப்பத்தான் வாசல்ல என் மகள் வந்து நின்னா. மகளா இருந்தவ. ஊதாக் கலருப் பொடவை, ஓரத்துல பிசிறு. இடுப்புல கொழந்த, மஞ்சக் கவுனு. வலது கால்ல மட்டும் கொலுசு. இன்னொண்ண வழியில எங்கயோ தொலைச்சிருக்கறா."

"நல்லது. அப்புறம்?"

"இவரு உள்ள வாம்மான்னாரு. நான் படிய மிதிக்காதேன்னேன். 'உனக்குக் கருமாதி பண்ணியாச்சு. செத்தவளுக்கு இந்த வீட்டுல என்ன சோலி'ன்னு கேட்டேன். அவ, 'அம்மா, கொழந்த வெயில்ல வந்துருக்குதும்மா, ஒரு டம்ளர் தண்ணி மட்டும் குடுங்க'ன்னா. இவரு செம்ப எடுத்துக்கிட்டு வந்தாரு. நான் வாங்கிச் செடிக்கு ஊத்திட்டேன். 'எங்க வீட்டுத் தண்ணி அந்தச் சாதி ரத்தத்துக்குள்ள போகக்கூடாது'ன்னு சொன்னேன்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கொழந்த அழுதுச்சு. நாக்க நீட்டி உதட்ட நக்கிக்கிட்டே அழுதுச்சு. நான் கதவச் சாத்திட்டேன். சாத்தறப்ப அவ, 'சரிம்மா'ன்னா. அவ்வளவுதானுங்க."

 வழக்கறிஞர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தலைவி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு தொழிலுக்குத் திரும்பினார். "சார், நீங்களும் அங்க இருந்திருக்கீங்க. இவங்க சொன்னது சரியா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "சரிங்க. ஒரு வார்த்த கூட மாறல."

"உடை, இடம், உரையாடல், வரிசை, எல்லாமே தங்கியிருக்கு," என்றார் இன்னொரு மருத்துவர் வியப்போடு. "இவ்வளவு துல்லியத்த நான் எதிர்பார்க்கல."

உதயசங்கர் முதலில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். டீச்சர், பரிசு வாங்கும் மாணவி போலக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

குழு அனுமதி தந்தது. இனிப்பு வந்தது. டீச்சரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுபோய்க் காரில் உட்கார வைத்தார்கள். சென்னியப்பன் மருந்துப் பையை எடுக்க மறுபடி மேலே வந்தார். நிறைமதி படிக்கட்டுத் திருப்பத்தில் அவரை நிறுத்தினாள். 

"நான் நீங்கதான்னு நெனச்சேன் சார்."

"தெரியும் அம்மிணி."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் அவள நல்ல டீச்சர்னு சொல்லுது. நல்ல டீச்சர்தான். யாருக்குக் கோவம்னு நீங்களும் கேக்கல. உரிமைன்னீங்க. அது சரியாத்தான் பட்டுது எனக்கும்." அவர் பையைக் கைமாற்றிப் பிடித்தார். "போட்டோவக் கழட்டுனது அவதான். சீக்குக்கு முன்னாடியே. சீக்கு வந்தப்பறம் எனக்கு ஒரு நப்பாசை. அவளுக்குத்தான் நேத்தைக்கு நடந்தது தங்காதே. மனசு ஒரு நாளு இருக்கற மாதிரி ஒரு நாளு இருக்கறதில்ல. என்னைக்காச்சும் ஒரு நாளு, நல்லாத் தூங்கி எந்திரிச்ச ஒரு நாளு, வாசல்ல நிக்கற மகள உள்ள வான்னு சொல்லிர மாட்டாளான்னுதான். அதான் கண்ணு தெளிவா இருக்கற ஞாயித்துக்கிழமையாப் பாத்து அந்தப் புள்ளைய நான் வரச் சொல்லறது. திட்டிப்போட்டாள்னா உங்களக் கூப்பிட்டு அழிச்சுப்போடறது. அந்தக் கோவம் அவளுக்குள்ள தங்கிறக் கூடாதுன்னு. அடுத்த வாட்டி புதுசாப் பாக்கட்டும்னு."

"ஒரு தடவ கூட உள்ள வான்னு சொல்லலீங்களா?"

அவர் கீழே சாலையில் ஒரு பஸ் போகும்வரை காத்திருந்தார்.

"ஒரு தடவ சொன்னா. அது ஞாயித்துக்கிழமை இல்ல, வேல நாளு. நான் வரச் சொல்லவும் இல்ல. நித்திலா கொழந்தைக்குத் தடுப்பூசி போட்டுட்டுப் போற வழியில அவளா வந்துட்டா. கொழந்த வீறு வீறுன்னு கத்துது. கோகிலா ஒண்ணும் யோசிக்கல, கையை நீட்டிட்டா. 'கொண்டா இங்க, ஊசி போட்ட தொடைய இப்படிப் புடிச்சா வலிக்காதா'ன்னு வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. 'உள்ள வா, எதுக்கு வெயில்ல நிக்கற'ன்னா மகளப் பாத்து. நித்திலா உள்ள வந்து நாற்காலி நுனியில உக்காந்தா. கோகிலா கொழந்தைக்குப் பருப்புஞ்சோறு பெசையலாம்னா. நான் நெய்யெடுக்கப் போனேன்."

நிறைமதி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"நெய்யோட வர்றப்ப அவ கண்ணு நிலைகுத்தி நிக்குது. அப்பறம் குனிஞ்சு பாத்து, 'ஏனுங்க, ஆபரேஷன் முடிஞ்சுதா, இது யாரு கொழந்த'ன்னா. நிமிந்தா நாற்காலியில நித்திலா. கொழந்தையக் கீழ எறக்கி வெச்சுட்டா." அவர் மீசையைத் தடவினார். "அன்னைக்கு நான் உங்களக் கூப்பிடல அம்மிணி."

அன்று அவள் எதையோ திருத்தியிருக்கிறாள். ஒரு முக்கியமான வரியாக இருக்கலாம், ஓர் எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். என்னவென்று நிறைமதிக்கு ஞாபகமே இல்லை.

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா இந்தக் குடும்பத்தால தொந்தரவுன்னு நீங்க அவள இதுலயிருந்து எடுத்துப்போட்டா என்ன பண்றதுன்னு பயம். அந்த ஒரு நாள மட்டும் திருப்பி எடுக்க முடியுங்களா? அவகிட்டக் காட்டலாம்."

"முடியாதுங்க. அப்ப எழுதி வெக்கற பகுதியே கிடையாது. எங்கயும் இல்லீங்க அது."

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்திருந்த பதில்தான் என்பது போல.

"சார்," நிறைமதி குரலைத் தாழ்த்தினாள். "போன ஞாயித்துக்கிழமைய மட்டும் நான் எடுத்துடறேன். இப்ப அது முடியும். யாருக்கும் தெரியாது. நித்திலாவ மறுபடி வரச் சொல்லுங்க. டீச்சர் புதுசாப் பாக்கட்டும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய முகத்தில் கோபத்தைத் தேடினாள். அது இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"கோகிலாவுக்கு அழிச்சுரலாம் அம்மிணி. அந்தப் புள்ளைக்கு எதுவும் அழியலீங்களே. வந்த ஒவ்வொரு தடவையும் வாங்குன ஒவ்வொரு பேச்சும் அவகிட்ட அப்படியே இருக்குது. ஒண்ணுமேல ஒண்ணா. நான் அத யோசிக்கவே இல்ல பாருங்க. இவளுக்குப் புதுசு, இவளுக்குப் புதுசுன்னே இருந்துட்டேன். அவ உங்ககிட்ட வந்து நிறுத்தச் சொன்னதே அதுக்குத்தான். இவளுக்கு ஞாபகம் தங்கிட்டா நான் மறுபடி கூப்பிடமாட்டேன், ஒரு தடவையோட முடிஞ்சு போகட்டும்னு. ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்தி விடறப்பச் சொல்லிட்டா, 'அப்பா, இனி என்னையக் கூப்பிடாதீங்க, எனக்குத் தெம்பில்ல'ன்னு."

கீழே கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஏனுங்க, எவ்வளவு நேரம்? வெயில் ஏறுதுல்ல!" என்றது டீச்சரின் குரல்.

"இதோ வந்துட்டேன் கோகிலா," என்று அவர் குரல் கொடுத்தார். படிகளில் பக்கவாட்டாக, முழங்கால் வலிக்காரர்கள் இறங்குவது போல, ஒவ்வொன்றாக இறங்கிப் போனார்.

நிறைமதி படிக்கட்டு ஜன்னலுக்கு வந்தாள். கார் நகர்ந்தபோது டீச்சர் கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்தார், வெளியே கையை நீட்டி ஆட்டினார். நிறைமதியும் கையை ஆட்டினாள்.